காரணம்: டிவி பார்க்க

விடுப்பு விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கோடு இருக்குமே... அதில் நீங்கள் கடைசியாக உண்மையை எழுதியது எப்போது?

பதினெட்டு வருட வேலையில் நான் எழுதியதே இல்லை. காய்ச்சல், தலைசுற்றல், உறவினர் திருமணம் — இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டே காலத்தை ஓட்டிவிட்டேன். என் சித்தப்பா மகனுக்கு மட்டும் இதுவரை மூன்று கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன். பாவம், அவனுக்கு இன்னும் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு வேண்டியிருந்தது. பேனாவை எடுத்தேன். 'காரணம்: டிவி பார்க்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் டிராயிங் ஆபீஸ் மேனேஜர் நல்ல மனிதர். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

“என்ன கிரேஸ் மேடம், கிரிக்கெட்டா?”

“இல்ல சார். அரசாங்க டிவியில மக்கள் குறை கேக்கற நிகழ்ச்சி. மூணு மணிக்கு மறுஒளிபரப்பு.”

“இதையெல்லாமா எழுதுவாங்க? வயித்து வலின்னு எழுதிக் குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“வயிறு நல்லா இருக்கு சார்.”

பொய் என்றால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். உண்மைக்கு இருபது நிமிடம் நின்றேன். நின்றால் என்ன? அந்த வாரம் முழுக்க எங்களை எல்லோரும் பொய் சொல்கிறவர்களாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் பங்குக்கு ஒரு பொய்யை ஏன் சேர்க்க வேண்டும்?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கம்ப்யூட்டரைத் தெரியும். அதற்குள் டிவி வந்த கதை தெரியாது. எங்கள் ராபர்ட்சன்பேட்டை வீட்டுக்கு கேபிள் கொடுத்தவர், சாயங்காலமானால் பெங்களூரு அரசாங்க நிலையத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தானே ஒரு சினிமாவைப் போட்டுவிடுவார். போய்க் கேட்டேன். “அதையெல்லாம் யாரு மேடம் பாக்கறாங்க?” என்றார். “நான்” என்றேன். சிரித்தார். அவர் சிரித்த அன்றே கேபிளைப் பிடுங்கச் சொல்லிவிட்டேன்.

வீட்டு டிவியின் பிக்சர் ட்யூப் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தது. அதனால் பெங்களூருக்குப் போனபோது கம்ப்யூட்டருக்குள் செருகுகிற டிவி கார்டு ஒன்றை வாங்கி வந்தேன். மொட்டை மாடியில் பைப்பை நட்டு, ஆன்டெனாவை மேற்கே பெங்களூரைப் பார்க்கத் திருப்பிக் கட்டி, வயரைக் கீழே இறக்கி, பூஸ்டர் வைத்து... மானிட்டரில் படம் வந்துவிட்டது. அது மட்டுமா? நேரத்தைக் குறித்து வைத்தால் நாம் வீட்டில் இல்லாதபோதும் தானாகவே பதிவு செய்து வைத்துக்கொள்ளும்.

“டிவி பாக்கறதுக்கு கம்ப்யூட்டரா? தலையச் சுத்தி மூக்கத் தொடற” என்றார் என் வீட்டுக்காரர். தொட்டேனா இல்லையா? அதுதானே முக்கியம்!

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா அக்கா கோரமண்டலில் இருக்கிறாள். தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு. இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் ஒரு முருங்கை மரம். அவள் கணவர் சாலமன் மாமா வைண்டிங் டிரைவர் — அதாவது, ஆட்களை ஏற்றிக்கொண்டு பூமிக்கு அடியில் இறங்கும் கேஜை மேலே உட்கார்ந்து இயக்குகிறவர். முப்பது வருடம். அவர் கையை நம்பித்தான் ஒவ்வொரு ஷிப்ட்டும் கீழே போய் மேலே வந்தது.

சுரங்கத்தை மூடி நாலு மாதம் ஆகிறது. போன மாதம் லைன் முழுக்க நோட்டீஸ் வந்தது. வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். கெடு, முப்பது நாள்.

எங்கே போவார்கள்? மாமாவின் தாத்தா காலத்திலிருந்து இந்த லைன்தான். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள வட ஆற்காடு பக்கம் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. அந்தப் பெயரில் ஒரு ஊர் இன்னும் இருக்கிறதா என்றுகூட மாமாவுக்குத் தெரியாது.

மாமா நோட்டீஸை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அக்கா அப்படி உட்காருகிற ஆள் இல்லை.

“கிரேசு, செவ்வாக்கெழம சாயங்காலம் டிவியில பெங்களூர் பெரிய ஆபீசரு வர்றாராமே. போன்ல கேள்வி கேக்கலாமாம். நான் கேக்கப்போறேன்.”

“நமக்கு இன்னாத்துக்கும்மே வம்பு?” என்றார் மாமா.

“வம்பு நம்ம வூட்டுக்குள்ளாற வந்து குந்திக்கினு கீது. நீ பைபிள்ள மடிச்சு வெச்சுட்டா போய்டுமா?”

அக்கா வீட்டில் போன் கிடையாது. என் வீட்டிலும் இல்லை, மனு போட்டு வரிசையில் நிற்கிறேன். ஆகவே ஆண்டர்சன்பேட்டை எஸ்டிடி பூத். நேரடி ஒளிபரப்பு ஆறரை முதல் ஏழு. நானும் கூடவே போனேன் — எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்த ஒரு ஆள் வேண்டாமா? வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் இரண்டாம் ஷிப்ட். வீட்டில் யாரும் இல்லை. அதனால் என்ன? கம்ப்யூட்டர் இருக்கிறதே! ஆறரைக்குத் தொடங்கி ஏழுக்கு நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏதோ பெரிய விஞ்ஞானி மாதிரி கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எங்கேஜ்டு... எங்கேஜ்டு... விரல் வலித்தது. பூத்துக்கு வெளியே நாலு பேர் வாட்சைக் காட்டித் திட்டினார்கள். கடைசியில் மணி அடித்தது! யாரோ பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், இருக்கச் சொன்னார்கள். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். ஆபீசருக்கு இவள் நிற்பது தெரியவா போகிறது? ஆனாலும் நின்றாள்.

முதல் இரண்டு வரியைக் கன்னடத்தில் ஆரம்பித்தாள். மூன்றாவது வரியில் கோபம் வந்து தமிழுக்கு மாறிவிட்டாள்.

“சார், மூணு தலமொறையா பூமிக்கு அடியில எறங்கினவங்க நாங்க. இப்போ மேலயும் எடம் இல்லன்னா எங்க சார் போறது? எங்க வூட்டக் காலி பண்ணணுமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மெல்ல மெல்ல மாறியது. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

“வோணாமாம்டி! வேற ஏற்பாடு ஆகற வரிக்கும் யாரும் வூட்டக் காலி பண்ண வோணாமாம். 'நன்ன ஜவாப்தாரி'ன்னாரு. அவரு பொறுப்பாம்!”

வீட்டுக்கு ஓடி வந்தோம். பதிவைத் திறந்தேன். நிகழ்ச்சிக்கு முன்னால் வந்த சோப்பு விளம்பரத்திலிருந்து எல்லாமே இருந்தது. அக்காவின் குரல் கணீரென்று வந்தது. ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேஜை மேல் இரண்டு கையையும் வைத்தார். “நோடி அம்மா...” — பாருங்கம்மா — என்றார்.

அவ்வளவுதான். பதிவு முடிந்துவிட்டது.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை அன்று கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். கார்டைத் திட்டினேன். கார்டை விற்றவனைத் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது — தப்பு முழுக்க என்னுடையது.

எங்கள் ஊர்க்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சுரங்கச் சங்கு எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால்தான் ஊதும். எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை செய்த ஏற்பாடோ, ஒருவரும் கேஜைத் தவறவிடக் கூடாது என்று. ஊர் முழுக்க அந்தச் சங்குக்குத்தான் கடிகாரம் வைத்தோம். வீடு, கடை, சர்ச், பள்ளிக்கூடம் எல்லாம் ஐந்து நிமிடம் முன்னால். ரயிலுக்குப் போகும்போது மட்டும் மனசுக்குள் கழித்துக்கொள்வோம். இப்போது சங்கு ஊதுவதில்லை. ஆனால் கடிகாரங்களை யார் திருத்தினார்கள்? நான் கம்ப்யூட்டருக்கு நேரம் வைத்தது எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து!

ஆக, டிவி நிலையத்தின் கணக்கில் என் பதிவு ஆறு இருபத்தைந்துக்கே ஆரம்பித்து ஆறு ஐம்பத்தைந்துக்கே முடிந்துவிட்டது. சோப்பு விளம்பரம் கிடைத்தது, பதில் போய்விட்டது.

“போனா போவுது வுடு. நான்தான் என் காதால கேட்டனே” என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவளும் நானும் குடியிருப்புகளைக் கவனிக்கும் ஆபீசுக்குப் போனோம். நோட்டீசில் கையெழுத்துப் போட்டவர் அங்கேதான் இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். அதட்டாமல், மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எரிச்சல். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“டிவியில சொன்னாரா? நான் பாக்கலையேம்மா. வேற யார் பார்த்தாங்க?”

“நானே கேட்டேன் சார், போன்ல. என்னாண்டதான் சொன்னாரு.”

“உங்க காதுல விழுந்தத நான் ஃபைல்ல போட முடியுமா? சொல்லுங்க. எழுத்துல கொண்டு வாங்க. இல்லன்னா செவ்வாக்கிழமை கெடு, கெடுதான்.”

ஊமை கண்ட கனவு அக்காவுடையது. லைனில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களும் இல்லை. எல்லோருடைய வீட்டிலும் அதே கேபிள், அதே சினிமா.

பூத்திலிருந்து டிவி நிலையத்துக்கு போன் போட்டேன். நிகழ்ச்சியின் நகல் கிடைக்குமா என்று கேட்டேன். தாராளமாகக் கிடைக்குமாம். மூன்று பிரதிகளில் மனு, இன்ன அதிகாரியின் பரிந்துரை, அப்புறம் ஆறு வாரம். எனக்கு இருந்தது ஆறே நாள்! ரிசீவரை வைக்கப்போன நேரத்தில், அங்கே பேசிய புண்ணியவான் சொன்னார்: “வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு மறுஒளிபரப்பு இருக்கு மேடம். பார்த்துக்கோங்க.”

இப்போது புரிகிறதா, எதற்கு லீவு என்று?

வெள்ளிக்கிழமை முதல் வேலையாக கம்ப்யூட்டரின் நேரத்தைச் சரி செய்தேன். ரேடியோ செய்தி ஆரம்பிக்கும் நொடியைப் பார்த்துத்தான். டைமரை நம்பவில்லை, என் கையாலேயே தொடங்குவது என்று முடிவு செய்துகொண்டேன். அக்கா பகல் சாப்பாட்டுக்கே வந்துவிட்டாள். அவள் பின்னால் — நான் எதிர்பார்க்கவில்லை — சாலமன் மாமா.

“எனக்கு இதுல நம்பிக்க இல்ல கிரேசு. இவ தனியா வரக்கூடாதுன்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

இரண்டேமுக்காலுக்கு டிவியைப் போட்டால், திரை முழுக்கப் புள்ளி! முந்தின நாள் காற்றில் மாடியில் கிளாம்ப் தளர்ந்து ஆன்டெனா வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. முடுக்கப் பார்த்தால் போல்ட்டின் மரை தேய்ந்து போயிருந்தது. இனி கடைக்கு ஓட நேரம் ஏது?

“நான் புடிச்சிக்கறேன்” என்றார் மாமா. மாடிக்கு ஏறிவிட்டார்.

சரி, படம் தெளிவாகிறதா இல்லையா என்று கீழேயிருந்து அவருக்கு எப்படிச் சொல்வது? நான் கத்தினேன், கேட்கவில்லை. அக்கா கத்தினாள், பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது. மாமா படிக்கட்டில் தலையை நீட்டி, “கத்தாத! பெல் அடி” என்றார்.

சுரங்கத்தில் கேஜை இயக்குகிறவர் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. கீழேயிருந்து வருகிற மணிதான் அவருக்குப் பேச்சு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. அந்த ஒரு மணிக்கு முப்பது வருடம் கை தவறாதவர் மாமா. அக்கா எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். இரண்டு தட்டு தட்டினால் இடது, மூன்று தட்டினால் வலது என்று அந்த நிமிடமே பேசிக்கொண்டோம்.

இரண்டு தட்டினாள். படம் கொஞ்சம் வந்தது. இன்னும் இரண்டு. இன்னும் கொஞ்சம். மூன்று... முகம் தெரிந்தது. டங்! ஒரே ஒரு தட்டு.

நின்றுவிட்டார். படமும் நின்றது. மணி மூன்று.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தால் இது எங்கள் ஊரே இல்லை. மூன்று பன்னிரண்டுக்குக் கரண்ட் போனது.

யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அது தாங்குவது பத்து நிமிடம், மிஞ்சினால் பதினைந்து. அக்காவின் கேள்வி வருவதோ நிகழ்ச்சியின் கடைசியில். மானிட்டரை அணைத்தேன். ஸ்பீக்கரைப் பிடுங்கினேன். பூஸ்டரின் வயரை யூபிஎஸ்சில் செருகினேன். இனி பதிவு நடக்கும், ஆனால் படத்தைப் பார்க்க முடியாது. மாமா ஒரு விரல் அசைந்தாலும் எங்களுக்குத் தெரியாது. அவரிடம் போய்ச் சொல்லலாமா என்று எழுந்தேன்.

“குந்து. ஒரு பெல் அடிச்சாச்சு. அடுத்த பெல் அடிக்கிற வரிக்கும் அவரு அசைய மாட்டாரு” என்றாள் அக்கா.

ஹெட்போன் ஒன்று இருந்தது. அதைத் திருப்பி ஒரு பக்கம் அவள் காதிலும் மறு பக்கம் என் காதிலும் வைத்துக்கொண்டோம். இருட்டுத் திரை முன்னால் இரண்டு பெண்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். யார் யாரோ என்னென்னவோ கேட்டார்கள். ரேஷன் கார்டு, சாக்கடை, முதியோர் பென்ஷன்... யூபிஎஸ் கத்துவது வேகமானது. எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அப்போது வந்தது அக்காவின் குரல். “மூணு தலமொறையா பூமிக்கு அடியில எறங்கினவங்க நாங்க...”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். தன் குரலைத் தானே கேட்டு, “நானா இப்டிப் பேசினேன்?” என்றாள். நீதான் அக்கா. நீயேதான்.

“நோடி அம்மா... பேறே வியவஸ்தே ஆகுவ தனக்க, யாரூ மனெ காலி மாடோது பேட. இது நன்ன ஜவாப்தாரி.”

வேறு ஏற்பாடு ஆகும் வரை யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், இது என் பொறுப்பு. அக்கா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. திரையைப் பார்க்காமலே கீபோர்டைத் தட்டிப் பதிவை நிறுத்திச் சேமித்தேன். அடுத்த நிமிடம் யூபிஎஸ் செத்தது.

படம் வந்திருக்கிறதா? அது கரண்ட் வந்தால்தான் தெரியும். நாலரைக்கு வந்தது. திறந்து பார்த்தோம். ஆபீசருக்கு ஓரத்தில் ஒரு நிழல் கூடவே உட்கார்ந்திருந்ததே தவிர, முகம் பளிச்சென்று தெரிந்தது. அவர் மேஜையில் தட்டிச் சொல்வதுகூடத் தெரிந்தது. ஒரு நொடி ஆடவில்லை, அசையவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு மாமாவின் நினைவு வந்தது. இரண்டு பேரும் மாடிக்கு ஓடினோம். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம்! உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

“இன்னா, பெல்லே காணோம்?” என்றார்.

நான் அழுதுவிட்டேன். இந்த மனிதரைத்தான் ஒரு தாளில் நாலு வரி அடித்து வீட்டை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அழுகை அடங்கியதும் எனக்கு வந்தது சரியான கோபம். அந்தக் கோபத்தோடுதான் திங்கட்கிழமை வரை இருந்தேன்.

பதிவை அந்த ஆபீசுக்கு எப்படிக் கொண்டுபோவது? அறுநூறு எம்பி. ஃபிளாப்பியில் போட்டால் நானூறு ஃபிளாப்பிக்கு மேல் வேண்டும். சிடி எழுதும் டிரைவ் என்னிடம் இல்லை, எனக்குத் தெரிந்தவர் ஒருவரிடமும் இல்லை. பதிவு வரமுடியாது என்றால் கம்ப்யூட்டர் வரட்டும்! சிபியு, மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பெட்ஷீட்டில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம். மானிட்டர் அக்காவின் மடியில், சிபியு என் மடியில். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் மாமா, கையில் மனு. ஆபீசர் பேசியதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி, 'ஆகவே வேறு ஏற்பாடு ஆகும்வரை நாங்கள் காலி செய்வதாக இல்லை' என்று முடித்திருந்தோம். முப்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்து. லைன் ஜனம் பாதிப் பேர் நடந்தே வந்துவிட்டார்கள்.

“டிவி ரிப்பேரா?” என்று கேட்டார் வாசலில் இருந்த பியூன்.

“இல்லண்ணா. நல்லா ஓடுது. காட்டத்தான் கொண்டாந்தோம்” என்றேன்.

அறையில் ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அதில் அந்த அதிகாரியின் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. “மன்னிக்கணும் சார்” என்று அதைப் பிடுங்கிவிட்டு எங்கள் வயரைச் செருகினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜன்னலில் முப்பது தலை.

ஓட்டினேன். “யாரூ மனெ காலி மாடோது பேட” வந்ததும் ஜன்னல் பக்கம் ஒரே ஆரவாரம். அவர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னொரு தடவை போடுங்க” என்றார். போட்டேன். “இது எழுத்து இல்லையேம்மா” என்றார்.

“எழுத்தும் இருக்கு சார்” என்று மாமா மனுவை நீட்டினார். முப்பது வருடத்தில் ஒரு அதிகாரியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். “அவரு பேசினதுதான். சரி பாத்துக்கோங்க. பாத்துட்டு, எங்க காப்பியில வாங்கிக்கிட்டேன்னு சீல் குத்திக் குடுங்க.”

சீல் விழுந்தால், இதைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது என்று அவர் நாளை சொல்ல முடியாது. அவருக்கும் அது தெரியும். மனுவைத் தள்ளி வைத்தார். மேலே கேட்க வேண்டும் என்றார். நாளைக்கு வரச் சொன்னார். நாளைக்குத்தானே கெடு?

நாங்கள் நகரவில்லை.

டிவியில் பேசுகிறவர்களுக்கு ஒரு தைரியம் உண்டு. சொன்னது காற்றோடு போய்விடும், கேட்டவள் பூத்தில் நின்ற ஒரு லைன் வீட்டுப் பெண், அவளை யார் நம்புவார்கள் என்கிற தைரியம். அந்தத் தைரியத்துக்கு நாம் இத்தனை நாள் ஒத்தாசை செய்திருக்கிறோம், மறந்து மறந்து. இனிமேல் மறக்க மாட்டேன் என்று ஒருத்தி மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வார்கள்? முதலில் அவர்களுக்கு வியர்க்கும்.

அக்கா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். கெடு போய் மூன்று நாள் ஆகிறது. அதே வீட்டில்தான் இருக்கிறாள். சாவி கேட்டு யாரும் வரவில்லை. நாளைக்கு வரலாம். வந்தால் பார்த்துக்கொள்வோம். ஆனால் திங்கட்கிழமை அந்த அறையில் கடைசியாக நடந்ததைச் சொல்லாமல் எழுந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

அதிகாரி சட்டென்று எழுந்தார். “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. கம்ப்யூட்டர் மேடம் மட்டும் இருக்கட்டும்” என்றார். அக்கா முறைத்தாள். நான் தலையசைத்ததும் போனாள். அவர் கதவைச் சாத்தினார், ஜன்னலையும் சாத்தினார். மிரட்டப்போகிறார் என்று நினைத்து, என்னென்ன பதில் சொல்லலாம் என்று வரிசையாக யோசித்துக்கொண்டேன்.

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

“மேடம்... நானும் கம்பெனி பங்களாவுலதான் இருக்கேன். இதே நோட்டீஸ் எனக்கும் வந்திருக்கு. சின்னவ பத்தாவது படிக்கிறா. வீட்ல இன்னும் சொல்லல.” திரையைக் காட்டினார். “அவர் சொன்னது லைன் வீட்டுக்கு மட்டுமா, இல்ல எல்லாருக்குமா? 'யாரூ'ன்னுதானே சொன்னார்? அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ போடுங்களேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்மேல் இரக்கமும் வந்தது — மறைப்பானேன், நிஜமாகவே வந்தது. தனக்கும் வந்த அதே மாதிரி நோட்டீசில் முப்பத்திரண்டு வீட்டுக்குக் கையெழுத்துப் போட்ட மனிதர்! மவுஸ் மேல் இருந்த கையை எடுத்தேன். மனுவை அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

“போடறேன் சார். முதல்ல நீங்க சீலப் போடுங்க.”